இருபத்து நாலு வீட்டுக்கு ஒன்பது கட்டம்

வாடகைக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலை என்றால் திருடனைப் பிடிப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியில்லை, "இங்க நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு, அங்கேயே நிறுத்திவிட்டுப் போகிறவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை.

நான் இங்கே சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. காமாட்சியம்மன்மேல் சத்தியம். அது போதாது என்றால் போன மாதம் கட்டிய என் பல்செட்டின்மேல் சத்தியம். வாலாஜாபாத் ரூட்டில் முப்பத்தோரு வருஷம் தனியார் பஸ் ஓட்டியவன் நான். பாலாற்றில் வெள்ளம் வந்தபோது நாற்பத்தெட்டு பயணிகளோடு பஸ்ஸை நீந்தவைத்தே அக்கரை சேர்த்தவன். அது வேறு கதை. அதுவும் உண்மைதான்.

ஓய்வு பெற்ற பிறகு ஓரிக்கை போகிற வழியில், நெசவாளர்கள் தெருவில் புதிதாக எழும்பிய 'பட்டு நிலா அபார்ட்மெண்ட்ஸ்' என்ற நாலு மாடிக் கட்டடத்துக்குக் காவல் வந்தேன். மாடிப்படிக்குக் கீழே எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் ஒரு அறை. அறைக்குள்ளேயே ஒரு குழாய். பழைய வீட்டில் இரண்டு மாடி தண்ணீர் தூக்கித் தூக்கி முட்டி தேய்ந்துபோனவள் அவள். அந்தக் குழாயைத் திறந்துவிட்டு அவள் சிரித்த அன்றைக்கே முடிவு செய்தேன், என்ன ஆனாலும் இந்த வேலையை விடுவதில்லை என்று. வேலை போனால் குழாய் போகும். குழாய் போனால் அப்புறம் நான் வீட்டுக்குள் நுழைய முடியாது. இதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். உங்கள் வீட்டு வாசலிலும் யாருடையது என்று தெரியாத ஒரு கார் நிற்கும் என்பதால் உங்களிடம் சொல்கிறேன்.

தூணுக்கும் ஒரு கட்டம்

எங்கள் ஓனர் தயாளன் நெல் மில் வைத்து நடத்தியவர். மூட்டை அடுக்கிப் பழகிய கை. கட்டடத்துக்குக் கீழே மஞ்சள் பெயிண்டில் கார் நிறுத்த ஒன்பது கட்டம் போட்டார். வீடு இருபத்து நாலு. வாடகைக்கு வந்த இருபத்து நாலு பேரிடமும் "பார்க்கிங் இருக்குது" என்றார். அதில் பொய் இல்லை. இருக்கத்தான் இருந்தது. யாருக்கு என்றுதான் சொல்லவில்லை. அந்த ஒன்பதிலும் ஆறாவது கட்டத்தின் நட்டநடுவில் கட்டடத்தைத் தாங்குகிற தூண் ஒன்று நின்றது. பெயிண்ட் அடித்தவன் தூணைச் சுற்றி அழகாகக் கோடு போட்டிருந்தான்.

மூன்றாம் மாடிக்கு பிரவீன் என்று ஒரு திருநெல்வேலிப் பையன் குடிவந்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏதோ கம்பெனியில் இன்ஜினியர். புது வெள்ளைக் கார். பூஜை போட்ட எலுமிச்சம்பழம் முன்னால் இன்னும் வாடவில்லை. மற்ற எட்டு கட்டமும் நிரம்பியிருந்தது. "எனக்கு எங்க சார்?" என்று கேட்டான். தயாளன் அவன் தோளில் கைபோட்டு ஆறாவது கட்டத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினார்.

"தூணுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. மொத்தம் ஒரு கார் இடம் வந்துடுச்சா? எப்படி வேணா நிறுத்திக்க தம்பி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஆரன்

எங்கள் கேட்டுக்கு நேர் எதிர்வீடு ஏகாம்பரம். தறி வைத்திருக்கிறார். சேலைக்கு நீளவாக்கில் ஓடுகிற நூலுக்குப் பாவு என்று பெயர். அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் தெருவில் நீளமாக விரித்து, கஞ்சி தெளித்து, அறுந்த இழையை முடிந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்துச் சுற்ற வேண்டும். வீட்டுக்குள் அவ்வளவு நீளம் கிடையாது. வெயில் ஏறினால் பட்டு முறுக்கிக்கொள்ளும். அதனால் விடிந்தும் விடியாததுமாக ஏகாம்பரம் வீட்டில் ஆணும் பெண்ணுமாக நாலைந்து பேர் தெருவில் இறங்குவார்கள். பாவு அவர் வாசலின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை போகும். எங்கள் கேட் அதன் நட்டநடுவில். கட்டடம் வருவதற்கு முன்னால் அங்கே கேட் இல்லை, அதனால் நடு என்று ஒன்றும் இல்லை.

பிரவீன் காலையில் ஆறேகாலுக்குக் காரை எடுத்தான். கேட்டைத் திறந்தேன். எதிரே இடுப்பு உயரத்துக்கு மஞ்சளும் அரக்குமாக நூல். அவன் ஆரன் அடித்தான். இழை முடிந்துகொண்டிருந்த ஏகாம்பரம் தலையைத் தூக்கவில்லை. இன்னொரு தரம் அடித்தான். "ஐயா, எனக்கு ஷிப்டு இருக்கு. ஒரு பக்கமா சுருட்டிக்கிட்டா போயிருவேன்" என்றான். முக்கால் மணி நேரம் நின்றான். அதற்குள் அவன் பின்னால் நாலு கார் சேர்ந்து, ஐந்து பேரும் சேர்ந்து ஆரன் அடித்தார்கள். மேல்மாடிக் குழந்தைகளெல்லாம் எழுந்து அழுதன. ஏகாம்பரம் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு நிதானமாக நிமிர்ந்தார்.

"ஆரன் அடிச்சா பாவு ஜல்தியா காயும்னு யாரும் எங்களுக்குச் சொல்லலியேபா. தெரிஞ்சிருந்தா தறிக்கு ஒண்ணு வாங்கி மாட்டி, ஊதிக்கினே நெய்ஞ்சிருப்போமே!"

வரலாம், வரலாம்

இரண்டாம் மாடி டீச்சரம்மா புதிதாகக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர். முன்னால் போவதில் கெட்டிக்காரர். பின்னால் வருவதில்தான் எனக்கு வேலை வந்தது. பஸ் டிரைவராக இருந்தவன் பக்கத்தில் நிற்கிறான் என்ற தைரியத்தில் அவர் கண்ணாடியையே பார்க்க மாட்டார். நானும் "வரலாம், வரலாம், இன்னும் வரலாம்" என்று கையை ஆட்டுவேன். இதில் ஒரு சிக்கல் இருந்தது. முப்பத்தோரு வருஷமும் இந்த "வரலாம்" சொன்னது கண்டக்டர். நான் கேட்டுத்தான் பழக்கம். எங்கே நிறுத்தச் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியாது.

ஆறாவது கட்டத்துத் தூண் அன்றைக்குத்தான் தன் பலத்தைக் காட்டியது. தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரின் பின்பக்க விளக்கு இரண்டும் கீழே விழுந்து, அதில் ஒன்று மட்டும் எரிந்துகொண்டேயிருந்தது. டீச்சரம்மா இறங்கி வந்தார். தப்பு செய்த மாணவனைப் பார்ப்பதுபோல என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தாத்தா, கோவிச்சுக்காம சொல்லுங்க, நீங்க ஓட்டின பஸ்ஸு ஒரு நாளாவது டெப்போவுக்குத் திரும்பி வந்துதா?"

அனாதைக் கார்கள்

மனிதமூளை இருக்கிறதே, அது கெடுதலுக்கென்றால் வேகமாக ஓடும். காலையில் பாவு மறித்தால் கேட்டிலிருந்து வெளியே வர முடியாது. அப்படியென்றால் முந்தின நாள் சாயங்காலமே காரை வெளியே தெருவில் நிறுத்திவிட்டால்? இதைக் கண்டுபிடித்தவன் பிரவீன். இன்ஜினியரில்லையா! ஒரே வாரத்தில் மற்றவர்களும் பின்பற்றினார்கள். தெருவின் இரண்டு பக்கமும் ரயில் பெட்டி மாதிரி பதின்மூன்று கார். உள்ளே ஒன்பது கட்டமும் காலி. அதில் பெண்பிள்ளைகள் பாண்டி ஆடினார்கள். பாவு விரிக்கத்தான் தெருவில் இடமில்லை. ஏகாம்பரம் என்னிடம் சொன்னார். நான் பதின்மூன்று வீட்டுக் கதவைத் தட்டினேன். பதின்மூன்று பேரும், "எல்லாரும் எடுத்தா நானும் எடுக்குறேன்" என்றார்கள். கடைசியில் ஏகாம்பரம் போலீசுக்குப் போனார்.

ஒரு ஏட்டையா வந்தார். தெருவில் நின்று மேலே பார்த்து, "இதெல்லாம் யாரு கார்?" என்று குரல் கொடுத்தார். நாலு மாடியிலும் தலை எட்டிப்பார்த்தது. "எங்களது இல்ல சார்." "எங்களுக்குக் காரே கிடையாது சார்." பிரவீன் தன் வெள்ளைக் காரைத் தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு, "யாரோ வெளியூர்க்காரங்க போல" என்றான். ஏட்டையா ரொம்ப நல்ல மனிதர். கோபமே படவில்லை. நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டு, நாலு மாடியிலிருந்தும் ஆட்கள் படியில் இறங்கிய சத்தத்தில் என் அறைக் குழாய் ஆடியது.

"அப்போ பதிமூணும் அனாதை வண்டிதான். வாட்ச்மேன், நீ ஒரு ஃபோன் போடுபா, லாரி வந்து அள்ளிக்கினு போவட்டும்!"

ஓனர் வாக்கு

கார்களெல்லாம் ஒரு நாள் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. இரண்டாம் நாள் ஒன்று வெளியே வந்தது. மூன்றாம் நாள் பழைய ரயில். ஆனால் தயாளன் காதுக்குப் போலீஸ் வந்துபோன சேதி எட்டிவிட்டது. மொபெட்டில் வந்து இறங்கினார். இடம் கொடுக்காமல் வீடு கட்டியது அவர். பொய் சொன்னது பதின்மூன்று பேர். புகார் கொடுத்தது ஏகாம்பரம். குற்றவாளி யார் என்று கேட்கிறீர்களா? கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். வீட்டுக்காரி குடத்தோடு கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பெரியவரே, இன்னொரு தபா போலீஸ் இந்தக் கேட்டாண்ட வந்துது, மறுநாள் காலைல அந்த ரூம்ல வேற ஆளுதான் பல்லு விளக்குவான், ஆமா!"

பாம்பு

பஸ் ஓட்டின காலத்தில் ஒன்று கற்றுக்கொண்டேன். மனிதன் சட்டத்துக்கு அடங்க மாட்டான், கதைக்கு அடங்குவான். டீச்சரம்மாவிடம் மட்டும், ரகசியமாக, "ஏகாம்பரம் வீட்டு முன்னாடி ஒரு நல்ல பாம்பு திரியுதும்மா. இன்ஜின் சூட்டுக்கு காருக்குள்ளாற போயி சுருண்டுக்குது. யாருக்கும் சொல்லாதீங்க" என்றேன். யாருக்கும் சொல்லாதீங்க என்ற அந்த ஒரு வார்த்தைக்கு இருக்கிற வேகம் எந்த ஃபோனுக்கும் இல்லை. அன்று பொழுது சாய்வதற்குள் பாம்பு ஐந்து அடியிலிருந்து பன்னிரண்டு அடி ஆகியிருந்தது. முதல் மாடியில் ஒருவர் அது படம் எடுத்ததைப் பார்த்தாராம். ஏகாம்பரம் வாசல் துடைத்துவிட்ட மாதிரி காலி. எனக்கு என்மேலேயே மரியாதை வந்தது.

மறுநாள் விடிகாலையில் ஏகாம்பரம் பாவோடு இறங்கினார். அவர் வாசலில் ஒரு பெரிய வேன் நின்றது. குடித்தனக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து வரவழைத்த பாம்பு பிடிப்பவருடைய வேன். அந்த மனிதர் ஒவ்வொரு கார் அடியிலும் படுத்து, ஒவ்வொரு இன்ஜினாகத் திறந்து பார்த்தார். வெயில் ஏறி, அன்றைக்குப் பாவு விரிக்காமலேயே உள்ளே போனது. ஏகாம்பரம் என்னைப் பார்த்த மாதிரி ஒரு பார்வை பாம்புக்குக்கூட வரக் கூடாது. வேலை முடிந்து, கையைத் தட்டிக்கொண்டு பாம்பு பிடிப்பவர் என்னிடம் வந்தார்.

"பாம்பு கீம்பு ஒண்ணும் இல்ல பெரியவரே. ஆனா வண்டி நிறுத்த சூப்பரான இடம், நல்லா நிழலா இருக்குது. இனிமே இந்தப் பக்கம் வந்தா இங்கேயே போட்டுக்குறேன்."

சாவி பத்திரம்

இப்போதுதான் கதையின் கழுத்துக்கு வருகிறோம். தயாளனின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. முகூர்த்தச் சேலையை வெளியே எங்கும் தேடாமல் எதிர்வீட்டு ஏகாம்பரத்திடமே சொல்லியிருந்தார். பாவும் வந்துவிட்டது. பாம்பு விவகாரத்தில் ஏற்கனவே தள்ளிப்போய், இனிமேல் ஒரு நாள் தவறினாலும் சேலை தாலி கட்டுகிற நேரத்துக்கு வராது என்கிற கட்டத்தில், ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை, ஏகாம்பரம் கதவைத் திறந்தார். வாசலில் பிரவீனின் வெள்ளைக் கார். பாம்பு இல்லையென்று தெரிந்துவிட்டதல்லவா!

தள்ளிப் பார்த்தோம். கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்தைச் சுவர்ப்பக்கம் ஒடித்துவைத்திருந்தான். ஒரு இம்மி அசையவில்லை. மூன்றாம் மாடியில் பூட்டு. ஏகாம்பரம் பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "ஏழு மணி வரைக்கும் பாக்குறேன். அப்புறம் ஸ்டேஷனுக்குப் போறேன். உன்மேல கோவம் இல்லபா, ஆனா அந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு நான் பதில் சொல்லணும்" என்றார். பாவு ஏறாவிட்டால் சேலை இல்லை, தயாளன் என்னைக் கேட்பார். போலீஸ் வந்தால் வாக்குப்படி, அப்போதும் தயாளன் என்னைத்தான் கேட்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கம்தான் இடி; எனக்கு நடுவிலும் விழுந்தது. உள்ளே வீட்டுக்காரி குழாயைத் திறந்து குடத்தில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. பிரவீனுக்கு ஃபோன் போட்டேன்.

"தாத்தா, ஊருக்குப் போயிட்டு இருக்கேன், ட்ரெயின் இப்பதான் கோவில்பட்டி தாண்டுது. சாவி என் பையிலதான் இருக்கு, பத்திரமா. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க!"

நாலு தெரு

எங்கள் பகுதிக் கோயிலில் அப்போது உற்சவம். காலைப் புறப்பாடு முடிந்து, சாமியை இறக்கிவைத்துவிட்டு, தூக்குகிறவர்கள் பதினாறு பேரும் தோளுக்கு வைக்கிற நீள மூங்கில் தண்டுகளோடு டீக்கடைக்கு வந்துகொண்டிருந்தார்கள். நாயனக்காரரும் தவில்காரரும் பின்னால். முன்தண்டு பிடிக்கிற முனுசாமியைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "முனுசாமி, இந்தக் காரை ஒரு பத்தடி பின்னாடி தள்ளி வெச்சிட்டுப் போயிடுங்கபா. ஒரு ஏழை வீட்டுக் குழாய் பொழைக்கும்." குழாய் எங்கே வந்தது என்று அவன் கேட்கவில்லை. காரைச் சுற்றிவந்தான். "சாமி வாகனத்தைவிட லேசுதான்" என்றான். பிறகு, "ஆனா பெரியவரே, நாங்க தூக்கினது எதுவும் பின்னாடி போனது கிடையாது" என்றான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தண்டை அடியில் கொடுத்தார்கள், வடக்கயிற்றால் கட்டினார்கள், ஒரே சத்தம், கார் தோளில். தோளில் பாரம் ஏறியதும் அந்தப் பதினாறு ஜோடிக் கால்களும் தாங்களாக நடை போட ஆரம்பித்தன. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் நாயனக்காரர் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு மல்லாரி எடுத்துவிட்டார். சாமி புறப்பாட்டுக்கு மட்டும் வாசிக்கிற மல்லாரி! "பத்தடி முனுசாமி, பத்தடி!" என்று நான் கத்தினேன். தவிலில் அது யாருக்குக் கேட்கும்? தோளேறினால் வலம்தான், நாலு தெருவும் சுற்றி மண்டபத்தில்தான் இறக்கம். அவர்களுக்கு வேறு வழி தெரியாது. வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர்கள் மல்லாரி கேட்டு, என்ன வருகிறது என்று பார்க்காமலேயே ஓடிப்போய்க் கற்பூரத் தட்டோடு வந்தார்கள். யாரோ முன்கண்ணாடிமேல் மாலை போட்டார். நான் சைகையால் ஏகாம்பரத்துக்கு, "விரிங்க, விரிங்க" என்றேன்.

எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், பாவுக்கு முக்கால் மணி நேரம் நிற்க முடியாமல் ஆரன் அடித்தவர்களில் பிரவீன் போக மீதி நாலு பேரும் மூன்றாவது தெருவில் மாட்டிக்கொண்டு, ஒரு ஆரன் அடிக்காமல், கையைக் கூப்பிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார்கள். எதிரே வந்த பஸ் ஒதுங்கி நின்றது. அன்றைக்கு 'அனாதை வண்டி' என்று சொன்ன அதே ஏட்டையா, பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு கூட்டத்தை விலக்கினார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். எங்கள் கேட்டுக்குப் போலீஸ் வரவில்லை பாருங்கள், அதற்கு நான் உத்தரவாதம்.

நாலாவது தெரு முனையில் மொபெட்டில் வந்துகொண்டிருந்தார் தயாளன். மல்லாரி கேட்டதும் இறங்கினார். செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடி, மகள் கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது அவர் மூக்குக்கு நேராகப் பின்கண்ணாடி ஸ்டிக்கர் போய்க்கொண்டிருந்தது: 'பட்டு நிலா அபார்ட்மெண்ட்ஸ், மூன்றாம் மாடி.'

"அடப் பாவிங்களா, இதுக்கா நான் கன்னத்துல போட்டுக்கினேன்!"

யார் சொன்னது?

காரை நாலுகால் மண்டபத்தில், சாமி வழக்கமாக இளைப்பாறுகிற இடத்தில், ஒரு கீறல் இல்லாமல் இறக்கிவைத்தார்கள். தயாளன் மண்டபத்துப் படியில் நின்று, "எவன்டா இதைத் தூக்கச் சொன்னது?" என்று கத்தினார். தெரு மொத்தமும் வந்திருந்தது. ஏகாம்பரம் மட்டும் இல்லை. அவர் வாசலில் பாவு ஆனந்தமாகக் காய்ந்துகொண்டிருந்தது. நான் கூட்டத்தின் கடைசியில், அப்போதுதான் தூங்கி எழுந்து வந்தவன் மாதிரி கண்ணைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். டீச்சரம்மா என்னையே பார்த்தார். நான் ஒரு கொட்டாவியும் விட்டுவைத்தேன். தயாளன் முனுசாமியின் தோளைப் பிடித்து உலுக்கினார். முனுசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரோ சொன்னாங்க சார், மூஞ்சி ஞாபகம் இல்ல. தண்டு தோள்ல இருக்கச்சொல்ல நாங்க முன்னாடி பாதையைத்தான் பாப்போம், ஆளைப் பாக்க மாட்டோம்."

செருப்பு

மூன்றாம் நாள் பிரவீன் ஊரிலிருந்து வந்தான். வாசலில் கார் இல்லை என்றதும் அலறினான். மண்டபத்துக்கு வழி காட்டினேன். கார் நெற்றியில் சந்தனம், குங்குமம், நாலு சக்கரத்துக்கும் பூ. முன்னால் ஒரு தட்டில் வாழைப்பழம். பக்கத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மா மூன்று சுற்று முடித்து நாலாவது சுற்றில் இருந்தார். இறக்கித் தரச்சொல்லி முனுசாமியிடம் ஓடினான். "அடுத்த புறப்பாடு வெள்ளிக்கிழமைதான் தம்பி. நடுவுல எதுக்கும் தோள் கொடுக்கறது இல்ல" என்று பதில் வந்தது. ஃபோன் சார்ஜர் காருக்குள் இருக்கிறது, அதையாவது எடுத்துக்கொள்கிறேன் என்று மண்டபத்துப் படியில் கால் வைத்தான். சுற்றிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று நின்று கையை நீட்டி மறித்தார்.

"தம்பீ, இன்னா இது, படிச்ச புள்ளையாட்டம் இருக்கிறே! செருப்பைக் கழட்டிட்டு ஏறுப்பா!"

ஏசி

வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த நாலு நாளும் அவன் வேலைக்கு எப்படிப் போனான் என்று கேட்பீர்கள். முதல் நாள் தெருமுனைவரை நடந்து போனான். திரும்பி வந்ததும் நேரே என் நாற்காலிக்கு வந்தான். எட்டு மாதம்! எட்டு மாதம் ஆரன், அனாதைக் கார், பாம்பு, என் வீட்டுக்காரியின் குழாய், ஒரு பெண்ணின் கல்யாணச் சேலை, எல்லாவற்றையும் தலைகீழாக்கிய அந்தப் பிள்ளை, முகமெல்லாம் பல்லாக, ஏதோ புதையல் கண்டெடுத்தவன்போலச் சொன்னதைக் கேளுங்கள். நான் அடிக்கவில்லை. என் வயசு காரணம்.

"தாத்தா, விஷயம் தெரியுமா? எங்க கம்பெனி பஸ் தினமும் நம்ம தெருமுனைக்கே வருதாம்! எனக்குத் தெரியவே தெரியாது. ஏசி வேற போட்டிருக்கான்!"

ஒரு இழை

இப்போதெல்லாம் பாவு விரிக்கிற நாளுக்கு முந்தின சாயங்காலம், ஏகாம்பரம் தன் வாசலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு குச்சி நட்டு, நடுவே மிஞ்சின பட்டு நூல் ஒரே ஒரு இழை கட்டிவைக்கிறார். காற்றடித்தால் அறுந்துவிடும். ஆனால் பதின்மூன்று காரில் ஒன்றுகூட அதைத் தாண்டி நிற்பதில்லை. அடுத்த புறப்பாட்டில் தன் கார் தோளேறிவிடுமோ என்கிற பயம். முதல் மாடிக்காரர் ஒருவர் மட்டும் வேறு விதம், இன்ஜின் அடிக்கடி மக்கர் பண்ணுகிறதாம், "எங்க காரையும் ஒரு சுத்து தூக்குவாங்களா?" என்று காதில் கேட்கிறார். கல்யாணத்தில் மணப்பெண் அரக்குச் சேலையில் ஜொலித்தாள். நானும் வீட்டுக்காரியும் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். தயாளன் இலைக்கு முன்னால் வந்து குனிந்தார்.

"சேலை சொன்ன நாளுக்கு வந்துடுச்சு பெரியவரே, ஏகாம்பரம் தங்கமான மனுஷன். ஆனா என் கட்டடத்தை ஊர் சிரிக்க வெச்சவன் மட்டும் கையில கிடைக்கட்டும், இந்த ஜென்மத்துல அவனுக்கு ஒரு குழாய்த் தண்ணி கிடைக்காம பண்றேன்!"

ஆக, இத்தனை வருஷ அனுபவத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: நம் ஊரில் ஒரு காரை நகர்த்த வைப்பதைவிட அதைச் சாமியாக்கிவிடுவது சுலபம். உள்ளே குழாய் ஓடுகிற சத்தம் கேட்கிறது, அவள் குடம் நிரம்பிக்கொண்டிருக்கிறது. அதனால் புண்ணியமாகப் போகட்டும், இதையெல்லாம் யார் சொன்னது என்று தயாளன் உங்களிடம் வந்து கேட்டால், வாலாஜாபாத் பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு போனார்கள், முகம் ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.